போலிங் செய்யாத படலம்: ஜப்பானில் ஒன்பது நாள்

முதல் நாள் – விமானத்தில்

சென்னை விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையிலேயே இருபது நிமிடம் போய்விட்டது. கைப்பையில் ஒரு ஜிப் கவர், அதற்குள் தபால்தலை அளவில் பன்னிரண்டு வெள்ளைப் படலங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு செம்பு வால். "இது என்னம்மா?" என்று கேட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "தட்டினால் மின்சாரம் வரும் சார்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். பையை முழுக்கக் கொட்டிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் பாதித் தூக்கத்தில் இறங்கி, மாறி ஏறிய விமானம் போயிங் 787. எட்டு வருடமாக வகுப்பில் இதைப் பற்றிப் பேசுகிறேன், ஏறுவது இதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு இழுத்து மூடும் பலகை கிடையாது, கீழே ஒரு பொத்தான், அழுத்தினால் கண்ணாடி மெதுவாக நீலம் பாரித்து இருட்டாகும். பக்கத்து இருக்கைப் பெரியவர் நாலு தடவை அழுத்திவிட்டு "ரிப்பேர் போல" என்று விட்டுவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, வரும் என்றேன். வந்தது.

இந்த விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காம்போசிட், அதாவது இழையும் பிசினும் சேர்ந்த கலப்புப்பொருள். கார்பன் இழை ஜப்பானின் டோரே நிறுவனத்தினுடையது. எடை குறையும், எரிபொருள் மிச்சம் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். எனக்குப் பிடித்தது வேறு. அலுமினிய விமானத்தில் ஈரம் தங்கினால் உலோகம் அரிக்கும், அதனால் உள்ளே காற்றை வறட்டு வறட்டென்று வைத்திருப்பார்கள். கார்பன் இழை உடம்புக்கு அந்தப் பயம் குறைவு. கொஞ்சம் ஈரமாக விடலாம், உள்ளழுத்தத்தையும் கூட்டி 8000 அடி மலை மேல் இருப்பது போன்ற காற்றை 6000 அடிக்கு இறக்கலாம். சுவரின் பொருளை மாற்றினால் உட்கார்ந்திருப்பவரின் மூக்கெரிச்சல் வரை மாறுகிறது.

நான் யார் என்று சொல்லவில்லை. பொறியியல் கல்லூரி ஒன்றில் பொருளறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், செயல்பாட்டு பாலிமர்கள் என் ஆராய்ச்சி. வாளியும் குழாயும் பையும் பாலிமர்தான், ஆனால் அவை சும்மா இருக்கிற பாலிமர். அழுத்தினால் மின்னூட்டம் தருவது, மின்சாரம் கடத்துவது, சூடு பட்டால் வடிவம் மாறுவது, இப்படி ஏதாவது ஒரு வேலை பார்ப்பதைச் செயல்பாட்டு பாலிமர் என்கிறோம். என் படலம் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் நுண்துகள் கலந்தது. விரலால் தட்டினால் 21 வோல்ட் வருகிறது. கியோட்டோவில் ஒரு கருத்தரங்கில் இதைத்தான் பேசப் போகிறேன், கட்டுரையும் போன மாதம் அனுப்பியாகிவிட்டது. அதற்கு முன் சில நாள் கையில் இருக்கிறது, என் துறையின் குலதெய்வக் கோயில்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் – கொகுபுன்ஜி

மழை. ஜூன் என்றால் இங்கே 'த்சுயு', பிளம் பழுக்கும் காலத்து மழை. நம் ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டாது, நாள் முழுக்கப் பிசுபிசுவென்று நனைத்துக்கொண்டே இருக்கும்.

ஷின்ஜுகுவிலிருந்து சூவோ லைன் ரயிலில் அரை மணி நேரம் போனால் கொகுபுன்ஜி. டோக்கியோவுக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் யாரும் இங்கே இறங்குவதில்லை. இங்கேதான் கொபயாசி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1969இல் ஹெய்ஜி கவாய் என்பவர் இங்கிருந்து சின்னதாக ஒரு ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார். பிவிடிஎஃப் படலத்தை இழுத்து நீட்டி, சூடாக்கி, பலமான மின்புலத்தில் வைத்து, அப்படியே ஆறவிட்டால் அது பீசோ மின்பொருள், அதாவது அழுத்தினால் மின்சாரம் தருகிற பொருள் ஆகிவிடுகிறது என்பதுதான் அதன் சாரம். என் சம்பளம், என் மாணவர்களின் உதவித்தொகை எல்லாம் ஒரு வகையில் அந்தக் குறிப்பிலிருந்துதான் வருகிறது.

இழுப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பிவிடிஎஃப் சங்கிலியில் ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பனில் இரண்டு ஃபுளோரின், மறுபடி ஹைட்ரஜன், இப்படியே போகும். ஃபுளோரின் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும் ஆள். அதனால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பிளஸ் பக்கம், ஒரு மைனஸ் பக்கம். உருக்கி ஆறவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொண்டு படியும், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் எதிரெதிராகத் திரும்பி எல்லாம் கழிந்து பூஜ்யமாகிவிடும். இதற்கு ஆல்ஃபா நிலை என்று பெயர். 80 டிகிரி வாக்கில் சூடாக்கி நாலைந்து மடங்கு இழுத்தால் முறுக்கு பிரிந்து சங்கிலி நேராகும், ஃபுளோரின் எல்லாம் ஒரு பக்கம், ஹைட்ரஜன் எல்லாம் மறுபக்கம். இது பீட்டா. அதற்கு மேல் மைக்ரானுக்கு 50, 100 வோல்ட் என்று மின்புலம் கொடுத்து அத்தனையையும் ஒரே திசையில் திருப்ப வேண்டும். அந்த வேலைதான் போலிங். அது முடிந்தால்தான் படலத்துக்கு உயிர். என் ஆய்வகத்தில் பாதிப் படலங்கள் இந்தக் கட்டத்தில் 'டப்' என்று ஊசித்துளை விழுந்து செத்துப்போகும்.

முன் அனுமதி வாங்காததால் உள்ளே போகவில்லை, வெளியே குடையோடு நின்று பார்த்தேன். பக்கத்திலேயே ரியான் என்ற நிறுவனம், காது கேட்கும் கருவிகள் செய்கிறார்கள், 1944இல் இந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து பிறந்ததுதான். அவர்கள் தொடங்கியது ரோஷெல் உப்புப் படிகத்தில். அது அருமையான பீசோ பொருள், ஒரே ஒரு குறை, காற்றின் ஈரம் தாங்காது. இந்த த்சுயு மழையில் ரோஷெல் உப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். இழுத்தால் நீளுகிற, தண்ணீரில் முக்கினாலும் கவலைப்படாத ஒரு பிளாஸ்டிக் அதே வேலையைச் செய்கிறது என்று தெரிந்த நாளில் இந்தத் தெருவில் என்ன பேசியிருப்பார்கள்?

கவாய்க்கு முன்பே இங்கே எய்ச்சி ஃபுகடா இருந்தார். மரத்துண்டை அழுத்தி மின்சாரம் அளந்தவர், 1955. இரண்டு வருடம் கழித்து கியோட்டோவின் எலும்பு மருத்துவர் இவாவோ யசுதாவோடு சேர்ந்து எலும்பிலும் அளந்தார். மரம், எலும்பு, அப்புறம் பட்டு, கம்பளி மயிர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அழுத்திப் பார்த்த குழு. நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றிருப்பேன்.

திரும்பும் வழியில் ஒதகா நோ மிச்சி என்ற ஊற்றோரப் பாதையில் நடந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஷூ முழுக்க நனைந்துவிட்டது.

மூன்றாம் நாள் – ஒகயாமா

இன்று ஷிரகவாவின் கல்லூரி, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைக் கண்டவர்களில் ஒருவர். டோக்கியோ டெக் என்று சொன்னால்தான் எனக்கெல்லாம் புரியும். 2024 அக்டோபரில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சயின்ஸ் டோக்கியோ என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஒகயாமா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே வளாகம்.

1967இல் இங்கே நடந்த கதை எங்கள் துறையில் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். அசிட்டிலீன் வாயுவைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிஅசிட்டிலீன், கருப்புத்தூள், கரையாது, உருகாது, யாருக்கும் பிரயோஜனமில்லை. ஷிரகவாவின் ஆய்வகத்துக்கு வந்திருந்த ஒரு கொரிய ஆய்வாளர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டார், அளவில் 'மில்லி' விடுபட்டுப் போனதாகச் சொல்வார்கள். தூளுக்குப் பதிலாக வெள்ளி மாதிரிப் பளபளக்கும் படலம் வந்தது.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் எல்லாம் இங்கிருந்து ஒரே தாவாக நோபலுக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஒன்பது வருடம் இருக்கிறது. அந்த ஒன்பது வருடத்தில் ஷிரகவா செய்தது, அந்தத் தவறை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்தது. அடர்த்தியை மாற்றி, வெப்பத்தை மாற்றி. மைனஸ் 78 டிகிரியில் செய்தால் செம்பு நிறம், 150 டிகிரியில் செய்தால் வெள்ளி நிறம், ஒன்று சிஸ், மற்றது டிரான்ஸ், ஒரே அணுக்கள், இணைந்திருக்கிற கோணம்தான் வேறு. 1975இல் ஆலன் மக்டைர்மிட் டோக்கியோவில் பேச வந்தபோது தேநீர் இடைவேளையில் இதைக் கேள்விப்பட்டுப் பென்சில்வேனியாவுக்குக் கூப்பிட்டார். 1976 நவம்பர் 23 அன்று படலத்தில் புரோமின் ஆவியைக் காட்டினார்கள், கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. 2000இல் ஆலன் ஹீகரோடு சேர்த்து மூன்று பேருக்கும் வேதியியல் நோபல்.

பாலிஅசிட்டிலீனால் ஒரு பொருளும் கடைக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதன் தம்பிமார்கள்தான் மின்தேக்கிகளிலும் நிலைமின் தடுப்புப் பூச்சுகளிலும் சோறு போடுகிறார்கள்.

வளாகத்தில் மாணவர்கள் குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்கள். புல்வெளி ஓரமாக உட்கார்ந்து ஓனிகிரி என்ற சோற்று உருண்டை சாப்பிட்டேன். உள்ளே மீன் இல்லாதது எது என்று கடையில் கேட்கத் தெரியாமல் மூன்று நாளாகப் பிளம் ஊறுகாய் வைத்ததே ஓடுகிறது. நம் ஆவக்காய் இதற்குப் பெரியம்மா.

நான்காம் நாள் – அகிஹபாரா, த்சுகுபா

அகிஹபாராவில் ஒரு மணி நேரம். பழைய ஆடியோ சாமான் விற்கும் கடைகளை மட்டும் தேடினேன், பயனியரின் எச்பிஎம் ஸ்பீக்கர் கிடைக்குமா என்று. எச்பிஎம் என்றால் ஹை பாலிமர் மாலிக்யூலர், 70களில் வந்தது, உச்ச சுருதிக்கு அதில் பிவிடிஎஃப் படலம்தான் வேலை பார்க்கும். அழுத்தினால் மின்சாரம் என்றால், மின்சாரம் கொடுத்தால் அசைவு, அசைந்தால் ஒலி. கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அங்கிருந்து த்சுகுபா எக்ஸ்பிரஸ், 45 நிமிடம். மொரியா தாண்டியதும் ரயில் நேர்மின்சாரத்திலிருந்து மாறுமின்சாரத்துக்கு மாறுகிறது. காரணம், அந்தப் பக்கம் ககியோகா என்ற ஊரில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் நிலையம் இருக்கிறது. ரயிலின் நேர்மின்சாரம் தரையில் கசிந்தால் அவர்கள் அளவு கெட்டுப்போகும். ஓர் அளவுகோல் கெடக்கூடாது என்பதற்காக ஒரு ரயில் பாதையே இரண்டு வித மின்சாரத்தில் ஓடுகிறது! எங்கள் கல்லூரியில் அளவி வைத்திருக்கும் மேசைக்கு மேலே ஏசி தண்ணீர் சொட்டுகிறது என்று மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.

நான் போன ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருக்கிற பேராசிரியரை எல்லாரும் சென்செய், அதாவது ஆசிரியர் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அறுபது தாண்டியவர், மெதுவாகப் பேசுவார். மதியம் என் கரைசலை அவர்கள் எலெக்ட்ரோஸ்பின்னிங் பெட்டியில் ஓட்டிக் காட்டினார்கள். ஊசி முனைக்கு 18 கிலோவோல்ட், கரைசல் இழையாகப் பறந்துபோய்த் தகட்டில் விழும், கோயில் திருவிழாவில் பஞ்சுமிட்டாய் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் ஈரப்பதம் 30 சதவீதம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். நுண்ணோக்கியில் என் இழை வழவழவென்று இருந்தது. எங்கள் ஊரில் அதே கரைசல் பீர்க்கங்காய் நார் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். ஏன் என்று இங்கே வந்துதான் உறைத்தது. காற்றின் ஈரம் இழைக்குள் புகுந்து, தண்ணீர் பிடிக்காத பாலிமரை அவசரமாகக் கெட்டிப்படுத்தி, பிறகு ஆவியாகி, தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுவிட்டுப் போகிறது. இரண்டு வருடமாக நான் துகள்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

துகள்களும் யோக்கியம் கிடையாது. பொங்கலில் போட்ட முந்திரி எல்லாம் ஒரே கரண்டியில் வந்து விழுமே, அப்படிக் கூடிக் கூடி உட்கார்ந்துகொள்ளும். அதைவிட மோசமான சங்கதி, பேரியம் டைட்டனேட்டின் மின்கடவு எண் ஆயிரக்கணக்கில், பிவிடிஎஃபுக்கு 10 சொச்சம். இரண்டையும் கலந்து மின்புலம் கொடுத்தால் புலம் எல்லாம் பிளாஸ்டிக்கில்தான் விழும், துகளுக்குப் போய்ச் சேருவது கொஞ்சூண்டு. கலந்ததாலேயே துகள் தன் வேலையைச் செய்துவிடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் 21 வோல்ட் வந்தபோது எப்படி என்று கேட்காமல் இருந்தேன்.

சென்செய் நாளைக்கு என் படலத்தைத் தட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

ஐந்தாம் நாள் – த்சுகுபா

இன்றைக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் படலத்தை அலைகாட்டியில் இணைத்து, கையுறை போட்ட விரலால் தட்டினேன். 19 வோல்ட். அங்கிருந்த மாணவர்கள் "ஓ" என்றார்கள். சென்செய் தலையை ஆட்டினார், பிறகு மெதுவாகக் கேட்டார்: "போலிங் செய்யாத படலம் ஒன்று கொண்டு வந்திருக்கிறீர்களா?"

இருந்தது. பன்னிரண்டில் இரண்டு, பார்ப்பதற்கு என்று எடுத்து வந்தது. அதில் சங்கிலிகளைத் திருப்பவே இல்லை, எதுவும் வரக்கூடாது. தட்டினேன். 16.

அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த நாகரிகம் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சென்செய் போய் ஒரு சாதாரண ஒட்டுநாடாத் துண்டை எடுத்துவந்து இரண்டு செம்புத் தகட்டுக்கு நடுவில் ஒட்டிக் கொடுத்தார். தட்டினேன், 13.

உராய்வு மின்சாரம். கையுறை படலத்தைத் தொட்டுப் பிரியும்போது மின்னூட்டம் இடம் மாறுகிறது, சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதம் பொறுக்குவோமே, அதுதான். பீசோ அதற்குள் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நேரடியாக விசை கொடுத்து மின்னூட்டம் அளக்கும் டி33 மீட்டரில் வைத்தோம்: ஒரு நியூட்டன் விசைக்கு 9 பிக்கோகூலம். நல்ல வணிகப் படலம் 20, 30 தரும், ஈயம் கலந்த பீங்கான் பல நூறு தரும். 9 என்பது பூஜ்யம் இல்லை. ஆனால் 21 வோல்ட்டுக்கு அது ஆதாரமும் இல்லை.

இரவு விடுதியிலிருந்து என் ஆய்வு மாணவனைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு அளவீடும் எந்தத் தேதியில் எடுத்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். 20க்கு மேல் வந்த நாளெல்லாம் ஏசி ஓடிய நாள், அறை உலர்ந்திருந்த நாள். நவம்பர் மழையில் ஏசியை நிறுத்தியிருந்தோம், 5, 6 என்று வந்தது. ஈரக்காற்றில் மேற்பரப்பு மின்னூட்டம் கசிந்துவிடும், வராது. அந்த அளவுகளை 'துகள் சரியாகக் கலக்கவில்லை' என்று எழுதி ஒதுக்கச் சொன்னது நான்தான்.

"மேம், அப்ப பேப்பர்?" என்றான்.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன், கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொல்லி. நாலு வரி எழுத ஒரு மணி நேரம்.

ஆறாம் நாள் – ரயில்

டோக்கியோ போய் நொசோமி புல்லட் ரயில் பிடித்து கியோட்டோ. ஃபியூஜி மலை மேகத்துக்குள். பார்க்கிற மனநிலையும் இல்லை. மடிக்கணினியில் 21 வோல்ட் காட்டும் 14ஆம் ஸ்லைடை நீக்கினேன், திரும்பப் போட்டேன், நீக்கினேன்.

ஏழாம் நாள் – கியோட்டோ, கருத்தரங்கு

14ஐ நீக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டேன், மூன்று அலைக்கோடு, போலிங் செய்தது, செய்யாதது, ஒட்டுநாடா. பதினைந்து நிமிடப் பேச்சில் ஐந்து நிமிடம் அதற்கே போனது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், கேலியா அனுதாபமா தெரியவில்லை. பேசி முடித்ததும் மூன்று பேர் தனியாக வந்து, நீங்கள் எப்படி மூடி வைத்து அளப்பீர்கள் என்று கேட்டார்கள். மூன்று பேருமே தங்கள் ஊரில் போலிங் செய்யாத படலத்தைத் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்று கேட்டதில் மனதில் நின்றது கயிறு. பாலிலாக்டிக் அமிலம், சோள மாவுச்சத்து, கரும்புச் சர்க்கரையிலிருந்து வருகிற பாலிமர், அதிலும் பீசோ உண்டு, ஃபுகடாவின் வழியில் வந்ததுதான். இதற்குப் போலிங்கே வேண்டாம், சங்கிலியே திருகாணி மாதிரி ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால் நேராக இழுத்தால் ஒன்றும் தராது, கோணலாக நெரித்தால்தான் தரும். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி கிமோனோ இடுப்புக்கச்சையில் கட்டும் குமிஹிமோ பின்னல். இழையைக் கயிற்றைச் சுற்றிச் சாய்வாகப் பின்னிவிட்டால், கயிற்றை நேராக இழுக்கும்போது இழைக்குள் அந்தக் கோணல் நெரிப்பு தானாக வருகிறது. கன்சாய் பல்கலைக்கழகமும் டெய்ஜின் நிறுவனமும் சேர்ந்து செய்தது. பொருளை மாற்றவே இல்லை, பின்னலை மாற்றினார்கள். பொறாமையாக இருந்தது.

எட்டாம் நாள் – கியோட்டோ, அரக்குப் பட்டறை

உருஷி வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். உருஷி என்பது ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்த்த மரத்தைக் கீறிக் கீறி ஒரு பருவத்தில் 200 கிராம் எடுத்துவிட்டு மரத்தை வெட்டிவிடுவார்கள். அவ்வளவுதான் ஒரு மரம்.

வேலை செய்யும் அம்மா எழுபது வயதிருக்கும். மழை பிடிக்கவில்லையா என்று மொழிபெயர்ப்புச் செயலியில் கேட்டேன். எங்களுக்கு இதுதான் நல்ல காலம் என்றார். சுவரோரம் ஒரு மர அலமாரி, உள்ளே ஈரத்துணி, பூசிய கிண்ணங்களை அதற்குள் வைத்திருக்கிறார். உருஷி வெயிலில் காயாது, ஈரத்தில்தான் காயும். பாலுக்குள்ளேயே லாக்கேஸ் என்ற செம்பு கொண்ட நொதி இருக்கிறது, 70, 80 சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் அது காற்றின் ஆக்சிஜனை எடுத்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னும். 1883இல் ஹிகோரோகுரோ யோஷிதா என்பவர் இதைக் கண்டார், நொதி ஆராய்ச்சியிலேயே பழைய கதைகளில் ஒன்று. ஐந்து நாளாக ஈரத்தைச் சபித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

கையுறை போட்டுக்கொள் என்றார். பச்சைப் பால் பட்டால் கொப்புளிக்கும். அவர் கையைக் காட்டினார், பழைய தழும்புகள். எனக்கு அந்தக் கை தெரியும். நான் பண்ருட்டிப் பக்கம். எங்கள் அம்மாவும் ஆயாவும் கொட்டை உடைத்தவர்கள், முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து உரிந்து இருக்கும். சாம்பல் தடவிக்கொள்வார்கள், ஓரளவுதான் காப்பாற்றும். உருஷி மரம், முந்திரி, மா, வண்ணார் துணியில் குறி போடும் சேங்கொட்டை, நாலும் ஒரே குடும்பம். உருஷிப் பாலில் இருக்கிற 'உருஷியால்' என்ற வேதிப்பொருளும் முந்திரி ஓட்டு எண்ணெயும் கிட்டத்தட்ட அக்காள் தங்கை, ஒரு பென்சீன் வளையம், அதில் 15 கார்பன் வால். அரிப்பதும் அதே தலைக்கட்டு. கெட்டிப்பட்டுப் பாலிமர் ஆவதும் அதே குணம். நம் ஊரில் அந்த எண்ணெய் லாரி லாரியாக பிரேக் லைனிங் செய்யப் போகிறது.

இங்கே அது இன்னொரு வேலையும் பார்க்கிறது. அந்த அம்மா மேசைக்குக் கீழிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார், 'கஷூ' என்று ஜப்பானிய எழுத்தில். முந்திரி எண்ணெயில் செய்த வார்னிஷ், உருஷிக்குப் பதில், தூண்டில் கம்புக்கும் பூஜை அலமாரிக்கும் பூசுகிறார்கள். அதற்கு ஈர அலமாரி வேண்டாமாம். உருஷிக்காரர்களுக்கு அதன் மேல் பெரிய மரியாதை இல்லை என்பது அவர் டப்பாவை வைத்த விதத்திலேயே தெரிந்தது. நான் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். குரல் செய்தி வந்தது: "அந்த எண்ணெயா? அதப் பாக்கவா அம்மாந்தூரம் போன? கையக் கழுவிக்கடி."

ஒன்பதாம் நாள் – நாரா, விமான நிலையம்

கொஃபுகுஜி கோயில். ஐந்தடுக்கு பகோடாவைச் சாரம் கட்டி மூடிவைத்து வேலை பார்க்கிறார்கள், நான் வந்தது அதற்கில்லை. பொக்கிஷ மண்டபத்தில் அசுரனைப் பார்க்க.

ஆமாம், நம் அசுரன்தான், இங்கே அஷுரா. பக்கத்தில் கருடன் கருரா, கந்தர்வன் கென்தத்சுபா. புத்தரின் காவல் கூட்டமாக மாறிவிட்டார்கள். மூன்று முகம், ஆறு கை, ஒல்லியான பையன் உடம்பு, புருவத்தில் லேசாகக் கவலை. 734ஆம் வருடம் செய்தது. உயரம் 153 சென்டிமீட்டர், எடை சுமார் 15 கிலோதான்.

காரணம் அது காம்போசிட். முதலில் களிமண்ணில் உருவம், அதன்மேல் உருஷியில் தோய்த்த நார்த்துணியை அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள், நார் கஞ்சாச் செடியினுடையது, சிரிக்காதீர்கள். ஒவ்வொரு அடுக்கும் ஈரத்தில் காய வேண்டும். கெட்டியானதும் அறுத்துத் திறந்து களிமண்ணை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே மரச்சட்டம் வைத்துத் தைத்து மூடி, மூக்கு, விரல் எல்லாம் உருஷியோடு மரத்தூள் குழைத்த பசையில் வடிப்பார்கள். கார்பன் இழைக்குப் பதில் நார், எபாக்ஸிக்குப் பதில் மரப்பால், அடுப்புக்குப் பதில் ஈர அறை. முதல் நாள் நான் உட்கார்ந்து வந்த விமான உடம்பின் செய்முறை இதிலிருந்து அதிகம் தள்ளி இல்லை. 1180இல் நாரா எரிந்தபோதும் இவர்கள் தப்பினார்கள், தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய எடை. வெண்கலச் சிலையாக இருந்தால் யார் தூக்குவது? 2009இல் சிடி ஸ்கேன் கூட எடுத்துப் பார்த்தார்கள்.

படம் எடுக்க விடமாட்டார்கள். நாற்பது நிமிடம் நின்றேன். வெளியே வந்ததும் ஒரு மான் என் பயணத் திட்டக் காகிதத்தைத் தின்றுவிட்டது, நல்லவேளை கடைசி நாள்.

கன்சாய் விமான நிலையப் பேருந்தில் மாணவனின் செய்தி. சென்செய் சொன்னபடி படலத்தின் இரண்டு பக்கமும் செம்புத்தாள் ஒட்டி, தரை இணைப்புக் கொடுத்து, எதுவும் தொட்டுப் பிரியாதபடி பிசினில் மூடி, விரலுக்குப் பதில் எடைக்கல் வைத்து அழுத்தியிருக்கிறான். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஈரப்பதத்தையும் மாற்றிப் பார்த்திருக்கிறான், நான் சொல்லவே இல்லை. போலிங் செய்தது: 40 சதவீதத்தில் 1.8 வோல்ட், 60இல் 1.8, 80இல் 1.7. போலிங் செய்யாதது: வெறும் இரைச்சல். கீழே, "கம்மிதான் மேம்" என்று எழுதியிருந்தான்.

மூன்று தடவை படித்தேன். நாளைக்கு அந்த எண்களை வைத்து உட்கார வேண்டும், இழுக்கும் வெப்பத்திலிருந்து எல்லாம் முதலிலிருந்து.

பாதுகாப்புச் சோதனையில் ஜிப் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார் ஒரு பெண்.

"பிளாஸ்டிக்" என்றேன். போகச் சொல்லிவிட்டார்.